வேலை தராத வேலை வாரியம்: அமெரிக்காவின் வட்டார வேலை வாரியங்கள் என்ன செய்கின்றன?

டெக்சாஸில் கிரீன் கார்டுடன் இருக்கும் ஒருவர், கிடங்கு வேலை ஆட்குறைப்பில் பறிபோன பிறகு மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். வொர்க்ஃபோர்ஸ் போர்டு என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது நம்மூர் வேலைவாய்ப்பு அலுவலகம் போன்றதா? பதிந்து வைத்தால் வேலைக்குக் கூப்பிடுவார்களா? தனக்கும், இதுவரை வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்கும் பயிற்சிக்குப் பணம் தருவார்கள் என்பது உண்மையா? இப்படிப்பட்ட ஒரு மையத்தில் ஆலோசகராகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் சுருக்கமான பதில். கூப்பிட மாட்டார்கள். பணம் உண்டு, ஆனால் கேட்கிற எல்லாருக்கும் இல்லை, கேட்கிற எல்லாப் படிப்புக்கும் இல்லை. நம்மூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பள்ளி முடித்ததும் பதிவது, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது, பதிவு மூப்பு வரும்வரை காத்திருப்பது என்ற பழக்கமெல்லாம் இங்கே செல்லாது. பதிவு மூப்பு என்ற ஒன்றே கிடையாது. பத்து ஆண்டுக்கு முன் பதிந்தவரும் நேற்றுப் பதிந்தவரும் ஒன்றுதான். யார் மறுபடி மறுபடி வந்து உட்காருகிறார்களோ அவர்களுக்குத்தான் காரியம் நடக்கும்.

வாரியம் என்பது என்ன என்று பார்ப்போம். இப்போது நடப்பில் இருப்பது 2014 ஜூலை 22 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம். அதன் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அலுவலகங்களில் 'வியோவா' என்பார்கள்; நீங்கள் போகிற இடத்தில் இந்தச் சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அந்தச் சட்டப்படி ஒவ்வொரு மாநில ஆளுநரும் தன் மாநிலத்தை வட்டாரங்களாகப் பிரிக்கிறார். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு வாரியம். உறுப்பினர்களை நியமிப்பவர்கள் அந்தப் பகுதியின் மேயர்கள், கவுண்டித் தலைவர்கள் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது). நாடு முழுவதும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வாரியங்கள் இருக்கின்றன; டெக்சாஸில் மட்டும் 28. யூட்டா போன்ற சில மாநிலங்களில் மாநிலம் முழுவதுக்கும் ஒன்றே ஒன்றுதான். இவற்றின் கீழ் சுமார் 2,300 வேலை மையங்கள் இயங்குகின்றன. நீங்கள் நேரில் பார்க்கப்போவது மையத்தை. வாரியத்தை அநேகமாகப் பார்க்கவே மாட்டீர்கள்.

வாரியத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாதிக்கு மேற்பட்டவர்கள் உள்ளூர்த் தொழில் நடத்துபவர்களாக இருக்க வேண்டும். தலைவரும் அவர்களில் ஒருவராக இருக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்காவது தொழிற்சங்கம், தொழிற்பழகுநர் திட்டம் போன்ற தொழிலாளர் தரப்பு. மீதி இடங்களில் சமுதாயக் கல்லூரி, முதியோர் கல்வி, மாற்றுத்திறனாளி மறுவாழ்வுத் துறை, வட்டாரப் பொருளாதார வளர்ச்சி அமைப்பு ஆகியவற்றின் ஆட்கள். இவர்கள் யாரையும் நேர்காணல் செய்வதில்லை. நான்கு ஆண்டுக்கான திட்டம் போடுகிறார்கள், பணத்தை எதில் போடுவது என்று முடிவு செய்கிறார்கள், மையங்களை நடத்த யாருக்கு ஒப்பந்தம் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கிறார்கள். டெக்சாஸில் வாரியம் தானே மையத்தை நடத்துவதில்லை. ஒப்பந்தக்காரர் மூலம்தான் நடத்துகிறது. ஆகவே மேசைக்கு எதிரே இருப்பவர் மத்திய அரசுப் பணத்தில், மாநில விதிப்படி, வட்டார வாரியம் தீட்டிய திட்டத்தை நிறைவேற்றும் ஒரு தனியார் நிறுவனத்தின் ஊழியராக இருக்கலாம். 'இது எங்கள் கையில் இல்லை' என்று அவர் சொன்னால் பல நேரம் அது உண்மையாகவே இருக்கும்.

முதலாளிகளுக்கு ஏன் இவ்வளவு இடம்? வரலாற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1933-இல், பெருமந்த காலத்தில், ரூஸ்வெல்ட் ஆட்சியில் அரசு வேலைவாய்ப்புச் சேவை தொடங்கியது. 1962-இல் கென்னடி காலத்தில் மத்திய அரசுப் பயிற்சித் திட்டம் வந்தது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அரசே நேரடியாகத் தற்காலிக வேலைகளைக் கொடுத்தது. அதன்மேல் ஊழல், வீண்செலவு என்று பலத்த விமர்சனம் எழுந்தது. ரீகன் 1982-இல் அதை மாற்றி, தனியார் தொழில் குழுக்கள் என்று அமைத்து, முதலாளிகளை மேசையின் தலைப்பக்கம் உட்காரவைத்தார். 1998, 2014 சட்டங்கள் அதன்மேல் கட்டப்பட்டவை. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இந்த ஓர் ஏற்பாடு மட்டும் மாறவில்லை. ஆட்கள் தேவைப்படுபவருக்குத்தான் எந்த வேலைக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்பது தெரியும் என்ற நம்பிக்கை அதற்கு அடிப்படை. அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல டெக்சாஸின் சான் ஆன்டோனியோ நகரத்துக்குப் போக வேண்டும்.

1990-இல் அந்த நகரின் தென்பகுதியில் ஜீன்ஸ் தயாரிக்கும் லீவை ஸ்ட்ராஸ் நிறுவனம் தன் தையல் ஆலையை மூடி, உற்பத்தியைக் கோஸ்டாரிகாவுக்கு நகர்த்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் மெக்சிக வம்சாவளிப் பெண்கள். மறுபயிற்சிக்கு ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்தவர்களுக்கு வேலைதான் இல்லை. அதே நகரத்தில் மருத்துவமனைகள் ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தன. தேவாலயங்களை அடித்தளமாகக் கொண்டு இயங்கிய காப்ஸ், மெட்ரோ அலையன்ஸ் என்ற இரண்டு மக்கள் அமைப்புகள் இந்த முரண்பாட்டைக் கையில் எடுத்தன. அவர்கள் செய்த காரியம் எளிமையானது, ஆனால் அதுவரை யாரும் செய்யாதது. பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பே முதலாளிகளிடம் போய், இந்த வேலைக்கு, இந்தச் சம்பளத்துக்கு, இத்தனை பேரை எடுத்துக்கொள்கிறோம் என்று உறுதிமொழி வாங்கினார்கள். அதைக் காட்டி நகராட்சியிடமும் அப்போதைய ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸிடமும் பணம் கேட்டார்கள். 1992-இல் பிராஜெக்ட் க்வெஸ்ட் பிறந்தது.

க்வெஸ்ட் சட்டப்படியான வாரியம் இல்லை. தனி லாப நோக்கற்ற அமைப்பு. இருந்தாலும் ஒரே துறையின் முதலாளிகளையும் பயிற்சி தருபவர்களையும் சேர்க்கும் துறைவாரிக் கூட்டமைப்பு என்று இன்றைய சட்டம் எதை வலியுறுத்துகிறதோ, அதன் முன்மாதிரிகளில் இது முக்கியமானது. சமுதாயக் கல்லூரியில் ஓராண்டு, இரண்டு ஆண்டு படிப்புகள். கட்டணம், புத்தகம், தேவைப்பட்டால் பஸ் கட்டணமும் குழந்தைப் பராமரிப்பும். எல்லாவற்றுக்கும் மேலாக, படிக்கும் காலம் முழுவதும் ஓர் ஆலோசகர், வாரந்தோறும் கூட்டம். கணக்கில் தோற்றுப்போய்ப் பாதியில் விட நினைப்பவரை இழுத்துப் பிடிப்பது அந்த ஆலோசகரின் வேலை.

இது பலன் தந்ததா என்று முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2006 முதல் 2008 வரை மருத்துவத் துறைப் பயிற்சிக்கு விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு க்வெஸ்ட் கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை. முதல் ஆண்டில் க்வெஸ்ட் ஆட்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே சம்பாதித்தார்கள், படித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். மூன்றாம் ஆண்டில் முந்தினார்கள். ஒன்பது ஆண்டு கழித்துப் பார்த்தபோது வித்தியாசம் ஆண்டுக்குச் சுமார் 5,000 டாலர். அமெரிக்க வேலைப் பயிற்சித் திட்டங்களில் இவ்வளவு காலம் நின்ற பலன் அபூர்வம். 2020 நவம்பரில் சான் ஆன்டோனியோ வாக்காளர்கள், பெருந்தொற்றின் நடுவே, டாலருக்கு எட்டில் ஒரு சென்ட் விற்பனை வரியைப் பயிற்சிக்காகத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். நான்கு ஆண்டில் சுமார் 15.4 கோடி டாலர் திரட்டுவது திட்டம். ஊர் மக்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இது நடந்திருக்காது.

ஆக, முதலாளி மேசையில் உட்கார்ந்தால் மட்டும் போதாது. அவரிடம் யாராவது பிடிவாதமாகக் கேட்க வேண்டும். நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மருத்துவமனையின் மனிதவள மேலாளர், அறுவைக் கருவிகளைக் கழுவி, அடுக்கி, கிருமி நீக்கும் பிரிவுக்கு ஆட்கள் கிடைக்கவில்லை என்றார். அவர் கையிலிருந்த விளம்பரத்தில் இரண்டு ஆண்டு அனுபவமும் சான்றிதழும் கட்டாயம் என்று இருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து போன அம்மையார், முதலாளிகளோடு பேசுவதற்கென்றே இருந்தவர், ஒரே கேள்வி கேட்டார்: 'இப்போது அந்தப் பிரிவில் இருப்பவர்கள் எப்படி வந்தார்கள்?' மேலாளர் பிரிவின் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு விசாரித்தார். நன்றாக வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் அதே மருத்துவமனையில் துப்புரவுப் பணியில் இருந்து மேலே வந்தவர்கள். யாரும் அனுபவத்தோடு வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதிய வரி விளம்பரத்தில் தங்கிவிட்டிருந்தது.

அந்தத் தொழிலுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. பரவலாக ஏற்கப்படும் சான்றிதழைப் பெறத் தேர்வு மட்டும் போதாது. 400 மணி நேரம் நேரடியாகக் கருவிகளோடு பழகியிருக்க வேண்டும். கல்லூரியில் பாடம் முடித்தவர்கள் அந்த 400 மணி நேரத்துக்கு இடம் கிடைக்காமல் நின்றுபோவார்கள். மருத்துவமனைக்கோ சான்றிதழ் உள்ளவர்தான் வேண்டும். மேசையின் இரண்டு பக்கமும் கதவு பூட்டியிருக்கிறது. அந்த அம்மையார் அன்று வாங்கிக்கொண்டு வந்தது அதற்கான சாவி: அனுபவ வரி விளம்பரத்திலிருந்து போகும், கல்லூரி பாடம் நடத்தும், 400 மணி நேரத்துக்கு மருத்துவமனை இடம் கொடுக்கும், முடித்தவர்களை முதலில் அங்கேயே நேர்காணலுக்கு எடுப்பார்கள். கட்டணத்தை வாரியத்தின் நிதி ஏற்கும். வேலை தேடுபவர், முதலாளி, பயிற்சி மூன்றையும் இணைப்பது என்று அறிக்கைகளில் எழுதுவது நடைமுறையில் இதுதான். தொகை பெரிதல்ல. பேசி வாங்கியதுதான் பெரிது.

முதலாளிகளை உள்ளே இழுக்கச் சட்டத்தில் வேறு சில வழிகளும் இருக்கின்றன. வேலையோடு பயிற்சி என்ற ஒப்பந்தத்தில், முதலாளி உங்களை முதல் நாளிலிருந்தே தன் சம்பளப் பட்டியலில் எடுத்துக்கொள்கிறார். பயிற்சிக் காலச் சம்பளத்தில் பாதியை வாரியம் அவருக்குத் திருப்பித் தருகிறது. சில நிபந்தனைகளின் கீழ் 75 சதவீதம்வரை போகலாம். மையங்களில் இதை ஓஜேடி என்பார்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களை மேம்படுத்தவும் நிதியில் 20 சதவீதம்வரை செலவிடலாம். குடும்பத்தைத் தாங்க வேண்டியிருக்கும் நடுவயதுக்காரருக்கு வகுப்பறையைவிட ஓஜேடி நல்லது என்பது என் கருத்து. ஆனால் சிறு முதலாளிகள் காகித வேலைக்குப் பயந்து ஒதுங்குகிறார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் ஆளை வேலையில் சேர்த்துவிட்டால் ஒரு காசும் திரும்ப வராது. அவசரத்தில் ஆள் எடுத்துவிட்டுப் பிறகு எங்களைக் கூப்பிடுகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்வதே தனி வேலையாக இருந்தது.

இனிப் பயிற்சிப் பணம். அது உங்கள் கையில் வராது. உங்கள் பெயரில் ஒரு கணக்கு போலத் திறந்து, நேராகப் பள்ளிக்குப் போகும். இரண்டு பட்டியல்களைத் தாண்ட வேண்டும். ஒன்று, மாநிலம் அங்கீகரித்த பயிற்சி நிறுவனங்களின் பட்டியல். மற்றது, அந்த வட்டாரத்தில் ஆள் தேவைப்படும் தொழில்கள் என்று வாரியம் அறிவித்திருக்கும் இலக்குத் தொழில்களின் பட்டியல். நீங்கள் விரும்பும் படிப்பு இரண்டிலும் இருக்க வேண்டும். ஒருவருக்கு அதிகபட்சம் எவ்வளவு என்பதை அந்தந்த வாரியம் முடிவு செய்கிறது. பக்கத்து வட்டாரத்தில் இருக்கும் உறவினருக்குக் கிடைத்த தொகை உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். குறைந்த வருமான மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகை போன்ற வேறு உதவி கிடைக்குமானால் அதை முதலில் பயன்படுத்தச் சொல்வார்கள்.

இந்த இரண்டாவது பட்டியலில்தான் வாரியத்தின் மூளை இருக்கிறது என்பேன். நல்ல வாரியம் ஆண்டுதோறும் மருத்துவமனை, ஆலை, மின்பணி ஒப்பந்தக்காரர் எல்லாரையும் கேட்டு அதைத் திருத்துகிறது. சோம்பலான வாரியம் மாநிலப் புள்ளிவிவரத்தை இறக்கி ஒட்டிவிடுகிறது.

பட்டியலில் இருந்தாலும் ஏமாறலாம். மருத்துவக் கோப்புக் குறியீடு (மெடிக்கல் கோடிங்) படிக்க வேண்டும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று பள்ளி விளம்பரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவர்கள் ஏராளம். அப்படி வந்த ஒரு பெண்ணிடம் படிவம் நிரப்புவதற்கு முன் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். இந்த ஊரில் அந்த வேலைக்கு இப்போது வந்திருக்கும் விளம்பரங்களை அச்சடித்துக்கொண்டு வாருங்கள்; அவற்றில் மூன்று இடத்துக்குத் தொலைபேசியில் பேசி, புதிதாகப் படித்து வருபவரை எடுப்பீர்களா என்று கேளுங்கள். அடுத்த வாரம் அவர் வந்தபோது விளம்பரங்களின் ஓரத்தில் பென்சிலால் குறிப்புகள். இரண்டு இடத்தில் அனுபவம் இல்லாமல் வீட்டிலிருந்து வேலை கிடையாது என்றிருந்தார்கள். மூன்றாவது இடத்தில், முன்மேசையில் நோயாளிகளைப் பதிவு செய்ய ஆள் வேண்டும், அங்கே ஆறு மாதம் இருந்தால் குறியீட்டுப் பிரிவுக்கு மாறலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவர் பதிவு வேலையில் சேர்ந்தார். பயிற்சிப் பணம் செலவாகவே இல்லை. எங்கள் கணக்கேட்டில் அது ஒரு பயிற்சிச் சேர்க்கையாகவும் ஏறவில்லை.

கணக்கேடு பற்றிச் சொல்லத்தான் வேண்டும். வாரியங்களை மத்திய அரசு ஆறு அளவுகோல்களால் அளக்கிறது: திட்டத்தைவிட்டுப் போன பின் இரண்டாவது காலாண்டில் வேலையில் இருக்கிறாரா, நான்காவது காலாண்டில் இருக்கிறாரா, இரண்டாவது காலாண்டின் இடைநிலைச் சம்பளம், சான்றிதழ், படிக்கும்போது காட்டிய முன்னேற்றம், முதலாளிகளுக்குப் பயன்பட்டதா என்பவை. கேட்க நியாயமாக இருக்கிறது. நடப்பில், ஆறே மாதத்தில் வேலை என்ற கணக்குக்கு ஏற்ற படிப்புகள்தான் தள்ளப்படுகின்றன. கனரக லாரி ஓட்டுநர் உரிமம், செவிலியர் உதவியாளர். இரண்டும் சில வாரங்களில் முடியும்; இரண்டுக்கும் உடனே வேலை உண்டு. லாரி ஓட்டுநருக்கு ஓரளவு சம்பளம் வரும். வாரக்கணக்கில் வீட்டுப் பக்கம் வர முடியாது. செவிலியர் உதவியாளருக்கு உடல் தேயும் வேலை, குறைந்த கூலி. அளவுகோலுக்கு அது வெற்றி. அந்தக் குடும்பத்துக்கு அது வெற்றியா என்று அளவுகோல் கேட்பதில்லை. இன்னொரு பழைய நோயும் உண்டு: எப்படியும் வேலை கிடைத்துவிடும் ஆட்களையே பொறுக்கிச் சேர்ப்பது. இலக்குகளை நிர்ணயிக்கும்போது வந்தவர்களின் நிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அப்படியும் இது முழுக்க நின்றபாடில்லை.

பணத்தின் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். வயது வந்தோர், வேலை இழந்தோர், இளைஞர் என்ற மூன்று பிரிவுக்கும் சேர்த்து மாநிலங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர் போகிறது. உழைப்பாளர் எண்ணிக்கை 16 கோடிக்கு மேல். வகுத்துப் பார்த்தால் தலைக்கு 20 டாலர்கூடத் தேறாது. இதை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் வேலைச்சந்தையைத் திருத்திவிட முடியும் என்று யாராவது மேடையில் பேசினால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

நம்மவர்களுக்கு இதில் ஓர் ஆச்சரியம் இருக்கலாம். எச்-1பி விசாவுக்கு நிறுவனங்கள் கட்டும் கட்டணங்களில் பயிற்சிக் கட்டணம் என்று ஒன்று உண்டு: பெரிய நிறுவனங்களுக்கு 1,500 டாலர், 25 பேர்வரை உள்ள சிறிய நிறுவனங்களுக்கு 750. அதில் பாதி தொழிலாளர் துறைக்குப் போய், அமெரிக்கத் தொழிலாளர்களுக்கான பயிற்சி மானியங்களாக மாறுகிறது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்த மென்பொருள் பொறியாளர்கள் பெயரில் கட்டப்பட்ட பணம், எங்கோ ஒரு ஊரில் ஒருவருடைய வெல்டிங் வகுப்புக்கோ கணினி வகுப்புக்கோ போய்ச் சேர்ந்திருக்கக்கூடும். அதே எச்-1பி பொறியாளருக்கு வேலை போனால் அவருக்கு இருப்பது பெரும்பாலும் 60 நாள் அவகாசம். மையத்தின் பயிற்சி அவருக்கு உதவும் வேகத்தில் நடப்பதில்லை.

பயிற்சி என்றாலே நல்லது என்று நினைப்பவர்களுக்கு விஸ்கான்சின் மாநிலத்தின் ஜேன்ஸ்வில் நகரத்தைக் காட்டுவேன். 2008 டிசம்பர் 23 அன்று அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை மூடப்பட்டது. ஆலையிலும் அதை நம்பியிருந்த தொழில்களிலுமாக ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். வேலை மையமும் வட்டார வாரியமும் பிளாக்ஹாக் தொழில்நுட்பக் கல்லூரியும் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தன. கணினியைத் தொட்டே பார்க்காத நடுவயது ஆட்கள் வகுப்பில் உட்கார்ந்தார்கள். சில ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தால், மறுபயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடக் குறைவாகச் சம்பாதித்தார்கள். நிலையான வேலையில் இருந்தவர்களும் அவர்களில் குறைவு. காரணம் புரியாததல்ல. மந்தநிலையின் நடுவில், எடுத்துக்கொள்ள ஆளில்லாத ஊரில் பயிற்சி நடந்தது. படிக்காமல் உடனே கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டவர் அந்த இரண்டு ஆண்டில் ஒரு படி முன்னே போய்விட்டார். சான் ஆன்டோனியோவில் மருத்துவமனைகள் காத்திருந்தன. ஜேன்ஸ்வில்லில் யாரும் காத்திருக்கவில்லை.

நாடு தழுவிய ஒரு பெரிய ஆய்வும் இதே திசையில் விரல் நீட்டுகிறது. 1998 சட்டத்தின் கீழ் 28 வட்டாரங்களில் குலுக்கல் முறையில் நடந்தது. கணினியில் தாமே வேலை தேடிக்கொண்டவர்களைவிட, ஓர் ஆலோசகரோடு தனியாக உட்கார்ந்தவர்கள் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அதற்கு மேல் பயிற்சிப் பணமும் கிடைத்தவர்களுக்கு முப்பது மாதத்தில் கூடுதல் பலன் தெரியவில்லை. இதை வைத்துக்கொண்டு பயிற்சியே வீண் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள்; நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். க்வெஸ்ட்டிலும் பலன் தெரிய மூன்றாம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பது மாதம் குறைவு. தவிர, பணம் கிடைக்காத பிரிவினரில் பலர் வேறு வழியில் படித்துவிட்டார்கள். ஆனால் ஆலோசகர் பற்றிய முடிவு என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. பட்ஜெட் வெட்டு வந்தால் முதலில் குறைவது அந்த நாற்காலிகள்தான் என்பது வேறு கதை.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஆட்குறைப்பில் வேலை இழந்தவர். சட்டத்தில் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அதற்கு வருமான வரம்பு கிடையாது. வயது வந்தோர் பிரிவில் அரசு உதவி பெறுவோர், குறைந்த வருமானத்தார், அடிப்படைத் திறன் குறைந்தோருக்கு முன்னுரிமை உண்டு. அந்தப் பிரிவில் போட்டால் நீங்கள் வரிசையில் பின்னுக்குப் போகலாம். ஆகவே ஆட்குறைப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வேலை இழந்தோர் பிரிவில் பாருங்கள் என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள். வீட்டில் சம்பளமில்லா உழைப்பில் இருந்து, குடும்பத்தில் ஒருவரின் வருமானத்தைச் சார்ந்திருந்து, அந்த வருமானம் நின்றுபோனவர் என்று ஒரு வகை அதே பிரிவில் இருக்கிறது. இதைப் பலர் கேட்பதே இல்லை. மையத்தில் இருப்பவர்களும் எப்போதும் தாமாகச் சொல்வதில்லை.

உங்கள் நிறுவனம் நூறு பேரோ அதற்கு மேலோ வைத்திருந்து, ஒரே இடத்தில் பெருமளவு ஆட்குறைப்புச் செய்திருந்தால், 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பு மாநில அரசுக்கும் போகும். அதைப் பார்த்து மையத்திலிருந்து ஒரு குழு கடைசி நாளுக்கு முன்பே ஆலைக்கு வந்து வேலையின்மைப் படி, மருத்துவக் காப்பீடு, பயிற்சி எல்லாவற்றையும் விளக்கும். அந்தக் கூட்டத்தைத் தவறவிட்டிருந்தாலும் மையத்தில் அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லுங்கள். தகுதிச் சான்றில் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, கிரீன் கார்டு, சமூகப் பாதுகாப்பு எண், ஆட்குறைப்புக் கடிதம், வேலையின்மைப் படிக்கு விண்ணப்பித்த அத்தாட்சி. ஆண்களுக்கு ஒரு கண்ணி உண்டு. 18 முதல் 25 வயதுவரை இந்நாட்டில் குடியிருந்த பெரும்பாலான ஆண்கள் ராணுவச் சேவைப் பதிவேட்டில் பெயர் கொடுத்திருக்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். கொடுக்காதவர் வியோவா பயிற்சி கேட்டால் அங்கேயே நின்றுவிடும். 26 வயது நிறைந்த பிறகு இங்கே வந்தவர் என்றால் கவலையில்லை, ஆனால் நுழைந்த தேதியைக் காட்ட வேண்டும். பழைய பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து வையுங்கள்.

வேலையின்மைப் படி வாங்கிக்கொண்டே படிக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியில் இருக்கும்போது வேலை தேடவில்லை என்ற காரணத்தைக் காட்டி அந்தப் படியை நிறுத்தக் கூடாது என்பது மத்திய விதி. ஒரு நிபந்தனை: வகுப்பு தொடங்கும் முன் அங்கீகாரத்தை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். வாய்வார்த்தையை நம்பிச் சேர்ந்து, பிறகு வாங்கிய படியைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் சிறியவர்கள் என்றால், டெக்சாஸில் குழந்தைப் பராமரிப்பு மானியத்தையும் இதே வாரியங்கள்தான் நிர்வகிக்கின்றன. அதற்கான விண்ணப்பத்தைப் பயிற்சி உறுதியாகும்வரை தள்ளிப்போடாமல் அன்றே கொடுங்கள், அங்கே வரிசை நீளம்.

போவதற்கு முன் உங்கள் வட்டார வாரியத்தின் இணையதளத்தில் இலக்குத் தொழில்களின் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். நாலாண்டுத் திட்டமும் கூட்டக் குறிப்புகளும் பொதுவில் இருக்க வேண்டும் என்பது சட்டம். எந்த நிறுவனங்கள் ஆள் கேட்கின்றன என்பது அந்தக் குறிப்புகளில் பளிச்சென்று இருக்கும். ஆலோசகரிடம் 'என்ன படிப்பு இருக்கிறது?' என்று தொடங்காதீர்கள். 'இந்த ஆறு மாதத்தில் நீங்கள் அனுப்பியவர்களை எந்த நிறுவனங்கள் எடுத்திருக்கின்றன?' என்று கேளுங்கள். பெயர்கள் வந்தால் மேலே பேசுங்கள். பெயர்கள் வராவிட்டால் வேறு ஆலோசகரைக் கேட்பதில் தவறில்லை.

நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. வசந்த காலத்தில் போனால் இந்த ஆண்டுப் பயிற்சிப் பணம் ஒதுக்கியாகிவிட்டது என்ற பதில் வரக்கூடும். அப்படிச் சொன்னால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டு, அதே மேசையில் ஓஜேடிக்கு ஒப்பந்தம் போட்டிருக்கும் முதலாளிகள் யார் என்று கேளுங்கள். அதற்கான தொகையைப் பல வாரியங்கள் தனியாக ஒதுக்கி வைப்பதால், வகுப்புப் பணம் தீர்ந்த மாதத்திலும் அது மிச்சம் இருக்கலாம்.